இரண்டு டயட் அட்டைகள்

நான் மூன்று முறை டயட் இருந்தவன். மூன்று முறையும் எடை குறைந்தது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இரண்டாவது முறை எட்டு மாதத்தில் 17 கிலோ. அப்புறம் அது வட்டியோடு திரும்பி வந்தது. கடைசியில் 126 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், பிஎம்ஐ, அதாவது உயரத்தை வைத்து எடையைப் பார்க்கும் கணக்கு, 44-க்கு மேல். கூடவே சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொல்லை.

எடை குறைக்க இரைப்பையில் ஆபரேஷன் என்றதும் அக்கா கேட்டாள்: "வாயைக் கட்டினா போதாதாடா, வயித்தை அறுக்கணுமா?" நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் வேறு மாதிரி விளக்கினார். எடை குறைந்ததும் உடம்பு பஞ்சம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் இறங்குகிறது, உடம்பு செலவழிக்கும் கலோரியும் குறைகிறது. ஒரு வருடம் கழித்தும் இந்த மாற்றம் நீடிப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்களாம். இத்தனை வருடம் என்னை நானே திட்டிக்கொண்டதில் பாதி வீண் என்று தோன்றியது.

நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கு இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் நல்லது என்றார்கள். எனக்கு அது இல்லை, எண்டோஸ்கோப்பியும் சரியாக இருந்தது. அதனால் ஸ்லீவ் என்ற ஆபரேஷன். இரைப்பையில் சுமார் 80 சதவீதத்தை எடுத்துவிட்டு, ஒரு குழாய் போல மீதியை விடுவார்கள். கிரெலின் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும்.

வேடிக்கை என்னவென்றால், ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் கடுமையான டயட். இரைப்பைமேல் படர்ந்திருக்கும் கல்லீரல் சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட இடம் கிடைக்குமாம். டயட்டிலிருந்து தப்பிக்கப் போனவனுக்கு முதல் சீட்டே டயட்!

லேப்ராஸ்கோப்பிதான், வயிற்றில் ஐந்து சிறு ஓட்டைகள். ரத்தம் உறையாமல் இருக்க அன்று மாலையே நடக்க வைத்தார்கள். வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. உள்ளே செலுத்திய வாயுவின் வேலை அது. தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க முடியாது, சப்பிச் சப்பித்தான் குடிக்க வேண்டும். முதலில் திரவம், பிறகு கூழ்பதம். நாலு ஸ்பூனில் வயிறு நிரம்பிவிடும். ஐந்தாவது ஸ்பூனை ஆசைக்கு உள்ளே தள்ளிவிட்டு ஒரு மணி நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் சில மாதங்கள் விசித்திரமானவை. சாப்பிட மறந்துபோனேன். வாழ்க்கையில் முதல் தடவை! நான்காவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பயந்துபோனேன், பிறகு வளர்ந்துவிட்டது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் மட்டும் ஆயுள் முழுக்க.

ஒன்றரை வருடத்தில் 88 கிலோ. சர்க்கரை மாத்திரையை மருத்துவரே நிறுத்தினார். அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். இரண்டாம் வருடக் கடைசியில் பசி எட்டிப் பார்த்தது, பழையபடி வெறியாக இல்லை, ஆனால் வந்தது. ஐஸ்கிரீம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறவற்றுக்கு அந்தக் குழாய் தடையே சொல்வதில்லை. கோபம் வந்தால் ஃபிரிட்ஜைத் திறக்கும் கையும் அப்படியேதான் இருந்தது. 93-க்கு ஏறியபோது மறுபடி டயட்டீஷியனிடம் போனேன்.

அவர் கொடுத்த அட்டையை வீட்டில் பழைய அட்டையோடு வைத்துப் பார்த்தேன். முதலில் புரதம், பிறகு காய்கறி, இனிப்பு கூடாது, மெதுவாக மென்று தின்னவும். ஏறக்குறைய ஒரே அட்டை. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, அரை மணி நேரம் கழித்துக் குடி என்பது மட்டும் புதிது. அக்காவிடம் காட்டினேன். "இதைத்தானேடா நான் அன்னைக்கே சொன்னேன்?" என்றாள்.

டயட் இருந்த நாட்களில் இதே மாதிரி அட்டையை வைத்துக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குப் பசியில் விழித்துக் கிடந்தேன். இப்போது தூங்கிவிடுகிறேன். எடை 91.