அடுத்த வருடமும் வாசிப்பார்களா?

மகளிர் தினம் வரும் மார்ச் மாதம் வந்தால், மறக்கப்பட்ட பெண் இசையமைப்பாளர்களின் பெயர்கள் மேற்கத்திய செவ்வியல் இசைக் கச்சேரிப் பட்டியல்களில் முளைக்கின்றன. நல்லதுதான், நானும் ஆவலோடு கேட்கிறேன். ஆனால் அடுத்த வருடமும் அதே இசையை யாராவது எடுக்கிறார்களா என்பதுதான் என் கவலை.

அமெரிக்க இசையமைப்பாளர் ஃப்ளாரன்ஸ் பிரைஸின் கதையைப் பாருங்கள். 1933 ஜூனில் சிகாகோ சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழு அவருடைய முதல் சிம்பொனியை, அதாவது முழு வாத்தியக் குழுவுக்கென எழுதிய நீண்ட இசையை, வாசித்தது. கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய சிம்பொனியை அமெரிக்காவின் பெரிய ஆர்கெஸ்ட்ரா ஒன்று வாசித்தது அதுவே முதல் முறை. அப்படி அரங்கேறியவர் பத்து வருடம் கழித்து, பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் கூஸெவிட்ஸ்கிக்கு, என் இசையைக் கொஞ்சம் பாருங்கள் என்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. கூஸெவிட்ஸ்கி கடைசிவரை எதையும் மேடையேற்றவில்லை. 1953-இல் பிரைஸ் இறந்துபோனார். 2009-இல் இல்லினாயில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டை வாங்கியவர்கள் அதைச் சீரமைக்கப் போனால், உள்ளே கட்டுக்கட்டாக அவர் கைப்பட எழுதிய தாள்கள்! நான்காவது சிம்பொனியும் வயலினை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் இரண்டு கான்செர்டோக்களும் அதில்தான் இருந்தன. வேறு யாராவது வாங்கி, குப்பையோடு குப்பையாக அள்ளிப் போட்டிருந்தால்? நினைத்தாலே பதறுகிறது.

சரி, தாள் கிடைத்தால் மட்டும் போதுமா? ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிப் பிரதி எழுதியாக வேண்டும், மங்கிப்போன சுரங்களையும் அடித்தல் திருத்தல்களையும் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும், அப்புறம்தான் ஒத்திகை. பீத்தோவன் என்றால் கலைஞர்களுக்குப் பாதி மனப்பாடம், இதுவோ எல்லோருக்கும் புதிது, அதனால் முதல் கச்சேரியில் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் வாசிப்பார்கள். அதை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு 'சுமார்தான்' என்று எழுந்து போவது பெரிய அநியாயம்.

பிரைஸ் மட்டுமல்ல, ஃபானி மெண்டல்சன் 1828-இல் எழுதிய ஈஸ்டர் சொனாட்டா என்ற பியானோ இசையை, அவருடைய தம்பியும் புகழ்பெற்ற இசையமைப்பாளருமான ஃபெலிக்ஸுடையது என்றே வெகுகாலம் நம்பினார்கள். பாரிஸ் கன்சர்வேடரி என்ற இசைக் கல்லூரியில் முப்பது வருடம் பியானோ சொல்லிக்கொடுத்து, ஆண் ஆசிரியர்களுக்கு இணையான சம்பளத்தைக் கேட்டு வாங்கிய லூயிஸ் ஃபராங்க் மூன்று சிம்பொனிகள் எழுதியிருக்கிறார். அந்த மூன்றாவது சிம்பொனியை மகளிர் சிறப்பு நிகழ்ச்சி என்ற பலகை எதுவும் மாட்டாமல், சாதாரணமான ஒரு மாலையில் பிராம்ஸ் போன்ற புகழ்பெற்றவரின் இசைக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும், ஒவ்வொரு கச்சேரிப் பருவத்திலும். இந்த மாதிரிக் கச்சேரிக்குப் போய் உங்களுக்குப் பிடித்திருந்தால், நடத்தியவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த வருடமும் வேண்டும் என்று, அந்த இசையின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.