யாழ்ப்பாணத்தில் கட்டிய பந்தயக் காரைப் பரிசோதனையில் தேறவைத்த அனுபவம்

இலங்கையில் கார்ப் பந்தயம் என்றால் யாழ்ப்பாணத்தவர் ஏ9 வீதியால் இறங்கித்தான் ஆகவேண்டும். அநுராதபுரத்தில் சாலியபுர, தியத்தலாவையில் பொக்ஸ் ஹில், நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம், களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்த, எல்லாமே தெற்கில்தான். இங்கே காரில் பைத்தியமாக இருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு காரை இங்கேயே பந்தயத்துக்குத் தயார்செய்து, கார் விதிப்படி இருக்கிறதா என்று பந்தயத்துக்கு முன் பார்க்கும் பரிசோதனையில் தேறவைத்து, ஓட்டிக்காட்டியவர்கள் தமிழில் எழுதிவைத்த எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்து வருபவருக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கார் ஓட்டியது என் மச்சான். நான் வாகன வயரிங் வேலை செய்பவன். விதிமுறைகளை வாசிப்பதும், காரை அதன்படி கொண்டுவருவதும், பந்தயத்தன்று பிற்றில், அதாவது ஓட்டத்தின் நடுவே கார் வந்து நின்று பெற்றோல் ஊற்றித் திருத்தும் இடத்தில், ஆட்களை நிறுத்துவதும் என் பொறுப்பு. கார் 1300 சிசி போர்ட் லேசர். பெயர்தான் போர்ட், உள்ளே எல்லாம் மஸ்தா 323. அதனால் சாமானுக்குக் கஷ்டமில்லை. யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதிக் கடைகளில் இல்லாதது கொழும்பில் பஞ்சிகாவத்தையில் இருக்கும்.

முதலில் விதிமுறையை வாசிக்கும் விதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எது எது கூடாது என்ற பட்டியலை எதிர்பார்த்துத்தான் பலர் அதைத் திறக்கிறார்கள். ஆனால் இப்படியான கார்களுக்கான விதிகள் தலைகீழாக எழுதப்பட்டவை. சர்வதேச மோட்டார் சம்மேளனமான எப்.ஐ.ஏ.யின் குறூப் என் (தொழிற்சாலைக் காரைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டும் பிரிவு) விதிகளில் அது ஒரே வரியில் இருக்கிறது: இங்கே அனுமதிக்கப்படாத மாற்றம் எதுவும் தடை. எங்கள் மெக்கானிக் அண்ணை எஞ்சின் தலையை எடுத்து உள்வழிகளைத் தேய்த்து மினுக்கலாம் என்றார். "அதில கூடாது எண்டு எங்கை போட்டிருக்கு?" என்று கேட்டார். கூடாது என்று போட்டிருக்கவில்லைதான். ஆனால் செய்யலாம் என்றும் போட்டிருக்கவில்லை, ஆகவே கூடாது. இதை விளங்கவைக்க ஒரு மாலை முழுக்கப் பேசவேண்டியிருந்தது. விளங்கிய பிறகு அவரே எங்களைவிடக் கண்டிப்பானவராகிவிட்டார்.

அவரைப் போன்றவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலத்தில் ஒஸ்ரினையும் மொறிஸையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் இவை. துளி பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கையில் இருப்பதை வைத்து வண்டியை ஓடவைப்பதில் அவர்களுக்கு நிகர் இல்லை. பரிசோதனை மேசையில் கேட்பது வேறு. 'இது பிடிக்கும்' என்பது அங்கே போதாது. பிடிக்கும் என்பதற்கு முத்திரை, திகதி, அளவு மூன்றும் வேண்டும். எங்கள் வேலையில் பாதி, அந்தக் கைத்திறமைக்குச் சான்று சேர்ப்பதுதான்.

இது முழுதாக வெளிப்பட்ட இடம் றோல் கேஜ். கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் ஓட்டுபவரைக் காப்பாற்றும் குழாய்க் கூடு அது. எப்.ஐ.ஏ. விதிகளின் 'ஜே' இணைப்பில் 253ஆம் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டோம். அந்த அளவில் கட்டினால் பந்தயம் நடத்தும் எந்தக் கழகத்திலும் கேள்வி வராது என்பது என் கணக்கு. ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவு, விட்டம் 45 மில்லிமீற்றரும் சுவர்த் தடிப்பு 2.5 மில்லிமீற்றரும் கொண்ட ஒரே குழாயாக இருக்கவேண்டும், அல்லது 50க்கு 2. மற்றக் குழாய்களுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. குழாய் பொருத்து இல்லாத, குளிர் நிலையில் இழுத்த காபன் உருக்காக இருக்கவேண்டும். கேற்றுக்குப் பாவிக்கும் ஜி.ஐ. குழாய் தடிப்பாகத் தெரிந்தாலும் நீளத்துக்கு ஒரு பொருத்து ஓடும். அடிபடும்போது முதலில் பிளப்பது அந்தக் கோட்டில்தான். மேலே பூசிய நாகம் (சிங்க்) வெல்டிங்கையும் கெடுக்கும், ஒட்டுபவரின் நெஞ்சையும் கெடுக்கும். குழாயைக் கொழும்பில் ஆலைச் சான்றிதழோடு வாங்கி, லொறியில் போட்டுக் கொண்டுவந்தோம்.

பிறகு வளைப்பது. கோண்டாவிலில் கிறில் வேலை செய்யும் ஐயா ஒருவர் குழாய்க்குள் மணலை இறுக்கி அடைத்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சுருக்கமே விழாமல் வளைப்பார். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் 253ஆம் பிரிவு சூடாக்கி வளைக்க விடாது. சூடேறினால் உருக்கின் பலம் அந்த இடத்தில் மாறிவிடும், எவ்வளவு மாறியது என்று வெளியே தெரியாது. குளிராகத்தான் வளைக்கவேண்டும், வளைவின் ஆரை குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. 45 மில்லிமீற்றர் குழாய்க்கு அது 135. வளைத்த இடம் நீள்வட்டமாகத் தட்டையானால், குறுகிய விட்டம் அகன்ற விட்டத்தின் 0.9 பங்குக்குக் கீழே போகக்கூடாது. அந்த ஐயாவே எங்களுக்காக ஓர் அச்சுச் செய்து, கைநெம்பில் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துத் தந்தார். ஒவ்வொரு வளைவிலும் வேணியர் இடுக்கியை வைத்துப் பார்த்தோம். "இவ்வளவு அளக்கிற வேலையை நான் ஒரு நாளும் செய்ததில்லை தம்பி" என்றார். சலிப்போடு சொல்லவில்லை, அவருக்கு அது பிடித்திருந்தது.

ஒட்டும்போது இன்னொரு சிக்கல். குழாய்கள் சேரும் இடத்தில் சுற்றளவு முழுக்க வெல்டிங் ஓடவேண்டும். கூரைக்குக் கிட்ட இருக்கும் மூட்டின் மேல்பக்கத்துக்குக் கை போகாது. பலர் அந்த இடத்தை விட்டுவிட்டு வண்ணம் பூசிவிடுவார்கள். சரியான வழி, கேஜைத் தற்காலிகமாகச் சில புள்ளிகளில் மட்டும் பிடிக்கவைத்து, பாதத் தகடுகள் வரும் இடத்தில் காரின் தரையை வெட்டி, முழுக் கூட்டையும் கீழே இறக்கி, மேல்பக்கத்தை ஒட்டிவிட்டுத் திரும்பத் தூக்குவது. அப்படியே செய்தோம். கீழே ஒவ்வொரு பாதத்துக்கும் 3 மில்லிமீற்றர் தடிப்பில், 120 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையாத தகடு. போல்ற் மூன்றுக்குக் குறையக்கூடாது, எம்8 அளவு, தரம் 8.8. போல்ற்றின் தலையில் 8.8 என்று குத்தியிருக்கும். அந்த எழுத்து இல்லாத போல்ற்றைக் கடைக்காரர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

சீற் பெல்ற் விஷயத்தில் வெளிநாட்டுச் சொந்தங்கள் உள்ளவர்கள் கவனமாக இருக்கவேண்டும். லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர் அங்குள்ள அணி ஒன்று கழித்த பெல்ற்றை அன்போடு அனுப்பவிருந்தார். காணொளி அழைப்பில் லேபலைக் காட்டச் சொன்னோம். எந்த ஆண்டுக்குப் பிறகு செல்லாது என்பது அதிலேயே அச்சாகியிருக்கும், அது முடிந்திருந்தது. பார்வைக்குப் புதிது மாதிரித்தான் இருந்தது. ஆனால் நைலோன், பொலியெஸ்ரர் நார்கள் வெயிலில் பலமிழப்பது கண்ணுக்குத் தெரியாது. அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். தோளில் வரும் பட்டி சீற்றின் மேல்விளிம்பிலிருந்து பின்னால் இறங்கும் கோணம் 45 பாகைக்கு மேல் போகக்கூடாது; 10 பாகைக்குள் இருப்பது நல்லது. கூடுதலாக இறங்கினால் மோதும்போது பட்டி தோளைக் கீழ்நோக்கி அமுக்கும், முழு அடியும் முதுகெலும்புக்குப் போகும்.

ஹெல்மெற்றில் ஸ்நெல் முத்திரையைப் பாருங்கள்; ஹெல்மெற்றுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அமெரிக்க நிறுவனம் அது. எம் என்றால் மோட்டார் சைக்கிளுக்கு, எஸ்.ஏ. என்றால் காருக்கு. எஸ்.ஏ. வகையின் உட்பக்கம் நெருப்பைத் தாங்கும். கேஜ் குழாயில் மோதுவதையும் அதற்குச் சோதித்திருப்பார்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும் அந்த வேலைக்கு ஆகாது.

இனி என் சொந்த வேலை, பற்றரி கட் ஓஃப் சுவிச். சாதாரணமாகக் கிடைப்பது இரண்டு முனை உள்ளது. அதைத் திருப்பினால் பற்றரி மட்டும் விலகும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால், அதன் சுழற்சியில் கரண்ட் உண்டாக்கும் ஓல்ரனேற்றர் கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், எஞ்சினும் நிற்காது. விபத்தில் பெற்றோல் கொட்டும்போது அதுதான் ஆளைக் கொல்வது. ஆறு முனை சுவிச் வேண்டும். அது பற்றரியோடு இக்னிஷனையும் துண்டிக்கும், ஓல்ரனேற்றரில் மிஞ்சும் கரண்டை ஒரு ரெசிஸ்ரர் வழியாக நிலத்துக்கு இறக்கிவிடும். உள்ளே இருப்பவருக்கும் எட்டவேண்டும், வெளியே இருந்தும் இழுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். வெளியே நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் அடையாளம். நெருப்பணைப்பானை வெளியே இருந்து இயக்கும் இடத்துக்கு வெள்ளை வட்டத்தில் சிவப்பு ஆங்கில எழுத்து 'E'. வண்டியை இதற்கு முன் பார்த்தேயிராத ஒருவர் புகைக்குள் ஓடிவந்து தேடப்போகும் அடையாளங்கள் இவை. அழகாக ஒட்டவேண்டும் என்று இடத்தை மாற்றாதீர்கள்.

400 கிலோமீற்றருக்கு மேலே லொறியில் போய்க் கட்டுக்குருந்தவில் இறங்கினோம். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம் அது. கடற்காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கும். பரிசோதகர் வயதானவர், சிங்களவர். நாங்கள் யாழ்ப்பாணம் என்றதும் காரைவிட முதலில் எங்கள் பயணத்தைத்தான் விசாரித்தார். பிறகு வேலைக்கு வந்தார். பல் வைத்தியரிடம் இருப்பது போல ஒரு சின்னக் கண்ணாடியைக் கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் விட்டு, மேல்பக்க வெல்டிங்கை ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். கோண்டாவிலில் தரையை வெட்டி இறக்கிய அந்த வேலை முழுக்க அந்தக் கண்ணாடிக்குள் தெரிந்தது. பிறகு எஞ்சின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். எதுவும் சொல்லாமல் கட் ஓஃப் சுவிச்சின் வெளிப்பக்க வளையத்தை இழுத்தார். எஞ்சின் அந்தக் கணமே நின்றது. "ஹொந்தய் மல்லி" (நல்லது தம்பி) என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

கேட்டது ஒன்று: பொனற் பூட்டுகளைக் காட்டும் சிவப்பு அம்புக்குறிகள் இன்னும் தெளிவாக வேண்டும் என்றார். சிவப்பு ரேப் வாங்கி அங்கேயே ஒட்டினோம். எஞ்சின் ஆவியோடு வரும் ஒயிலைப் பிடிக்கும் தாங்கி 2 லீற்றர், அதைத் தொட்டும் பார்க்கவில்லை. கார் சாளரத்தில் தேறியதற்கான ஸ்ரிக்கர் விழுந்தது.

பிற் விதிகளை ஊரிலேயே பழகியிருந்தோம். கராஜில் சாரமும் செருப்புமாக நிற்பவர்கள் நாங்கள். பிற்றில் நீளக் காற்சட்டை, மூடிய சப்பாத்து. அடையாள அட்டை இல்லாதவர் சுவரைத் தாண்டக்கூடாது. சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள், எங்கள் மருமகன் பார்வையாளர் பக்கத்தில்தான் இருக்கவேண்டி வந்தது, பாவம். பெற்றோல் ஊற்றும்போது எஞ்சின் நிற்கவேண்டும், ஓட்டுநர் இறங்கவேண்டும், ஒருவர் அணைப்பானைக் கையில் பிடித்தபடி வேறு வேலை எதுவும் செய்யாமல் நிற்கவேண்டும். இந்தக் கடைசி ஆள்தான் பழகக் கஷ்டமானவர். எல்லோரும் ஓடும்போது சும்மா நிற்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அவர் சும்மா நிற்கவில்லை, அந்த நேரத்தில் எல்லோரையும்விட முக்கியமான வேலையை அவர்தான் செய்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

பந்தயத்தில் முன்னால் போன கார் ஒன்றோடு உரசி மச்சானின் முன் பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. நடுவில் செம்மஞ்சள் வட்டம் உள்ள கறுப்புக் கொடி, கூடவே எங்கள் இலக்கம். வாகனத்தில் ஆபத்தான கோளாறு இருக்கிறது, உடனே பிற்றுக்குள் வா என்பது அதன் பொருள். தண்டனைக் கொடி என்று பலர் பயப்படுவது தனிக் கறுப்புக் கொடியைத்தான், இரண்டையும் குழப்பக்கூடாது. அவர் வேகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தும், எங்கள் இடத்தைத் தாண்டி ஒரு கார் நீளம் போய் நின்றார். பிற் பாதையில் ரிவேர்ஸ் கியர் போடவே கூடாது. பின்னால் வருபவருக்கு அது தெரியாது. நியூற்றலில் விடச் சொல்லிச் சைகை காட்டி, நாங்களே கையால் பின்னுக்குத் தள்ளினோம். பம்பரைக் கழற்றி எடுத்தோம். வேறு எதையும் தொடவில்லை. பொறுப்பாளர் கையைக் காட்டும் வரை காத்திருந்து, பிறகுதான் காரை வெளியே விட்டோம். நேரம் போனதுதான். ஆனால் தண்டனை எதுவும் வரவில்லை.

கடைசி இடங்களில் ஒன்றில் முடித்தோம். முடிந்ததும் கார்கள் நேராகப் பார்க் பெர்மே என்னும் மூடிய இடத்துக்குப் போகும்; முடிவை எதிர்த்து முறையிடும் நேரம் தீரும் வரை சொந்தக்காரர்கூடத் தொடக்கூடாது. மச்சானுக்குத் தண்ணீர்ப் போத்தல் காருக்குள்ளே. எடுக்க விடவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கோண்டாவில் ஐயா செய்த 45 மில்லிமீற்றர் வளைப்பு அச்சு இப்போது எங்கள் கராஜில் இருக்கிறது. கேஜ் கட்ட நினைப்பவர்கள் குழாயோடு வந்தால் காசு வாங்காமல் பாவிக்கத் தருவோம். குழாயின் சான்றிதழையும் கொண்டுவாருங்கள்; ஒட்டும் நாளில் நானும் கூட நிற்பேன்.