ஊன்றிய பக்கம்: ஓராண்டு வாசிப்புக் கொப்பி

கடந்த தை மாதம் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, அவ்வாண்டு முழுவதும் வாசிக்கும் அறிவியல் புனைகதைகளையும் மிகுபுனைவுகளையும் அதில் பதிந்து வருவதென்று முடிவு செய்தேன். தலைப்பு, தொடங்கிய நாள், முடித்த நாள் ஆகிய மூன்று நிரல்களோடு நான்காவதாக 'ஊன்றிய பக்கம்' என்று ஒன்றையும் கோடு போட்டு வைத்தேன். இல்லாத உலகமொன்றைக் கட்டி எழுப்பும் நூலில் முதற்சில பக்கங்களை நிலைகொள்ளாமல்தான் கடக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கத்தில் கால் தரையில் பட்டது, எங்கே அந்த ஆசிரியர் உண்டாக்கிய சொற்கள் எனக்குச் சாதாரணச் சொற்களாகிவிட்டன என்பதைக் குறிப்பதே அந்த நிரலின் வேலை. எண் சிறிதாக இருந்தால் ஆசிரியர் கைதேர்ந்தவர் என்று அப்போது நினைத்திருந்தேன். மார்கழிக்குள் பதினொரு நூல்கள் முடிந்தன. அந்த நினைப்பு ஐந்தாவது நூலோடு போய்விட்டது.

முதலில் எடுத்தது பிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்'. நஞ்சு தோய்ந்த ஊசி கழுத்தருகே நிற்க, ஒரு சிறுவன் பெட்டிக்குள் கைவிட்டு வலியைப் பொறுக்கும் சோதனையோடு கதை தொடங்குகிறது. அந்தச் சோதனையின் பெயர் முதலில் வருகிறது, பொருள் பிறகுதான் வருகிறது. நூலின் இறுதியில் சொல்லகராதி இருப்பதைக் கண்டு, ஒரு விரலை அங்கேயே வைத்துக்கொண்டு வாசித்தேன். அது பெரிய பிழை. அகராதியைப் புரட்டிப் புரட்டிக் கதையின் வேகத்தையும் கெடுத்துக்கொண்டேன், பின்னால் தெரிய வேண்டியவற்றை முன்பே தெரிந்தும் கொண்டேன். இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்த இந்நாவலை 1965இல் வெளியிட்டது, மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனம். நானும் அதைக் கையேட்டைப் போலத்தான் வாசித்திருக்கிறேன். உண்மையில் எனக்குக் கால் ஊன்றியது அகராதியால் அல்ல. பாலைவனத் தலைவன் ஒருவன் பிரபுவின் முன்னால் மேசைமீது துப்புகிறான், காவலர்கள் கொதித்தெழுகிறார்கள், உடலின் ஈரத்தைக் கொடையாகக் கொடுத்ததற்கு நன்றி என்று அவ்வூர் வழக்கம் அறிந்த ஒருவன் சொல்கிறான். தண்ணீர் அங்கே எத்தகைய பொருள் என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிட்டது. அந்தப் பக்கத்தின் எண்ணைக் கொப்பியில் எழுதினேன். அகராதியை அதன்பின் திறக்கவில்லை.

அடுத்து, உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எர்த்சீயின் மந்திரவாதி'. மூன்று மாலைகளில் முடிந்தது. பத்தாம் பக்கத்திலேயே ஊன்றிவிட்டேன். அங்கே ஒருவருடைய உண்மைப் பெயர் மறைவானது, ஊரார் அழைப்பது வேறொரு பெயர். பதிவுப் பெயர் ஒன்றும் வீட்டுப் பெயர் ஒன்றுமாக வளர்ந்த நமக்கு இதில் திகைக்க அதிகமில்லை, நமக்கு இரண்டுமே மறைவில்லை என்பதைத் தவிர.

அவரே மறு ஆண்டில், 1969இல் வெளியிட்ட 'இருளின் இடக்கை' எனக்கு அவ்வளவு எளிதாக இடம் கொடுக்கவில்லை. கெதன் என்னும் பனிக்கோளின் மக்களுக்கு நிலையான பால் இல்லை. மாதத்தில் சில நாட்கள் மட்டுமே ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிறார்கள், எதுவாக ஆவார்கள் என்பதும் முன்கூட்டித் தெரியாது. அங்கே தூதராகச் செல்பவர் ஓர் ஆண். அம்மக்களைப் பார்க்கும் அவருடைய கண் நம்பத்தக்கதல்ல என்று எனக்கு விளங்கவே நூலின் பாதி கடந்துவிட்டது. அக்கோளில் மனிதருக்கிடையில் நிலவும் ஒரு மரியாதைக் கணக்குக்கு 'ஷிஃப்கிரெதோர்' என்று பெயர். மொழிபெயர்க்க முடியாத சொல் என்று தூதரே ஒப்புக்கொள்கிறார். மானம், அந்தஸ்து, முகம் கொடுத்தல் என்று கொப்பியின் ஓரத்தில் ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன். எண்பது நாட்களுக்கு மேல் நீளும் பனிப்பாளப் பயணத்தின்போதுதான், அச்சொல் நிழலைக் குறிக்கும் ஒரு பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்று தூதரோடு செல்லும் கெதன்வாசியான எஸ்ட்ராவன் சொல்கிறார். அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

இந்நூலில் ஆங்கில வாசகர்கள் நெடுங்காலம் முறையிட்டது, கெதன் மக்கள் எல்லோரையும் 'அவன்' என்று பொருள்படும் ஆண்பால் சுட்டுச்சொல்லால் குறித்ததைப் பற்றி. 1976இல் ஒரு கட்டுரையில் அதை நியாயப்படுத்திய லெ குவின், 1987இல் அதே கட்டுரைக்குக் குறிப்புகள் எழுதித் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கதையை என் தங்கைக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது இந்தச் சிக்கல் எழவே இல்லை; 'அவர்' என்ற ஒரு சொல் எல்லோருக்கும் போதுமாக இருந்தது. ஆனால் அரசர் கருவுற்றிருக்கிறார் என்ற இடத்துக்கு வந்ததும், "அரசியைத்தானே சொல்கிறாய், அண்ணா?" என்று அவள் அமைதியாகக் கேட்டாள். ஆங்கிலத்தில் என்னைத் தூக்கிவாரிப்போட்ட செய்தி, தமிழில் அவளைத் தொடக்கூட இல்லை. ஆசிரியர் தேடிய பொதுச்சொல் நம்மிடம் இருக்கிறது, அதே சொல் அவர் வைத்த அதிர்ச்சியையும் விழுங்கிவிடுகிறது. இதை எந்த நிரலில் எழுதுவது என்று தெரியாமல் கொப்பியின் பின் அட்டையில் எழுதினேன்.

ஐந்தாவது நூல் ஆர்தர் சி. கிளார்க்கின் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' (1979). 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த கிளார்க், இத்தீவையே களமாக்கி எழுதியது. பாறைமேல் அரண்மனை கட்டிய மன்னன் வந்ததுமே, பள்ளிக் காலத்தில் மூச்சு வாங்க ஏறிய சிகிரியா கண்முன் வந்துவிட்டது. 'ஊன்றிய பக்கம்: 1' என்று பெருமையோடு எழுதினேன். முன்னுரைகளைத் தாண்டிச் செல்வது என் கெட்ட பழக்கம். கதை முடிந்தபின் திரும்பி வந்து அதை வாசித்தபோது முகம் சிவந்தது. தப்ரபேன் என்று தாம் அழைக்கும் நாடு இலங்கையோடு ஏறக்குறைய தொண்ணூறு விழுக்காடு பொருந்துவது மட்டுமே என்று கிளார்க் அங்கேயே சொல்லியிருக்கிறார். தீவைத் தெற்கே 800 கிலோமீட்டர் நகர்த்தி நிலநடுக்கோட்டின்மேல் வைத்திருப்பதாகவும், புனித மலையின் உயரத்தை இருமடங்காக்கி இருப்பதாகவும் நூலின் பின்னுரையில் சொல்லியிருக்கிறார். அதற்குக் காரணமும் உண்டு: நாவல், விண்ணுக்கு ஏறும் ஒரு தூக்கியைக் கட்டுவதைப் பற்றியது. புவியின் சுழற்சியோடு இசைந்து ஒரே இடத்தின்மேல் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் நிற்க முடியும். அங்கிருந்து தொங்கும் கம்பியில் ஏறும் விண்தூக்கியைச் செங்குத்தாக அமைக்க, அடித்தளமும் அக்கோட்டில் இருக்க வேண்டும். உண்மையான இலங்கையோ ஏறத்தாழ ஆறு பாகை வடக்கில்தான் தொடங்குகிறது. சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர். அந்தப் பணிக்கு அது போதாது. தெரிந்த ஊர் என்ற மிதப்பில், ஊரே இடம் பெயர்ந்திருப்பதைக் கவனிக்காமல் ஒரு நாவலை முடித்திருக்கிறேன். அந்த '1'ஐ வெட்டி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை மறுவாசிப்பாகச் சேர்த்தேன். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா என்று பெயர்களே இரண்டெழுத்தில் ஓடும் அந்த உலகத்துக்குள் அவர் நம்மைத் தள்ளிவிடும் வேகம் இன்றும் வியப்பூட்டுகிறது. இயந்திர நாயான ஜீனோ பேசத் தொடங்கியபின் நான் நிரலை மறந்தே போனேன். லியு சிசினின் 'முப்பொருள் சிக்க'லில் எனக்குப் பிடித்தது தொடக்கம் மட்டுமே. சீன நூல் வடிவில் நடுவில் இருந்த பண்பாட்டுப் புரட்சிக் காலப் பகுதி, 2014இல் கென் லியுவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆசிரியர் முதலில் எண்ணியபடியே முன்னுக்கு வந்திருக்கிறது. பெய்ஜிங்கில் ஒரு பேராசிரியரைக் கூட்டத்தின் முன் நிறுத்தி வதைக்கும் அந்த மேடைக் காட்சியில் கால் ஊன்றிவிட்டால், பின்னால் வரும் இயற்பியலையும் பொறுத்துக்கொள்ளலாம். மாந்தர்களைப் பொறுத்துக்கொள்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. எஞ்சிய நான்கைப் பற்றிக் கொப்பியிலும் இரண்டு வரிக்குமேல் இல்லை.

கடைசியாக முடித்தது ஸ்டானிஸ்வாவ் லெம்மின் 'சொலாரிஸ்' (1961). கோள் முழுவதையும் மூடிய ஒரு கடல் உயிருள்ளது என்று கருதி, மனிதர் தலைமுறை தலைமுறையாக அதை ஆராய்கிறார்கள். அந்த ஆய்வுகளைப் பட்டியலிடும் நூலகப் பகுதி நீண்டுகொண்டே போகிறது. இங்கேயாவது ஊன்றலாம் என்று காத்திருந்தேன். கடல் செய்யும் உருவங்களுக்கு அறிஞர்கள் வகைவகையாகப் பெயரிடுகிறார்கள். பெயர் கூடுகிறதே தவிர விளக்கம் கூடவில்லை. முடித்த நாளை எழுதிவிட்டு, நான்காம் நிரலில் ஒரு கோடு மட்டும் இழுத்தேன். அது நூலின் குறை என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் வாசித்தது 1970இல் வந்த ஆங்கில வடிவம். அது போலிஷ் மூலத்திலிருந்து நேரே வந்ததன்று, பிரெஞ்சு வழியாக வந்தது. லெம்முக்கே அதில் நிறைவில்லை. ஹாரே என்ற பெண்ணின் பெயர்கூட அதில் எழுத்துகள் இடம் மாறி ரேயா ஆகியிருக்கிறது. பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு 2011இல் வெளிவந்தது. புதிய ஆண்டின் கொப்பியில் முதல் வரியாக அதைப் பதிந்து, இம்முறை முன்னுரை ஏதும் உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு, வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். நான்காம் நிரலுக்கு இன்னும் கோடு போடவில்லை.