தொலைநோக்கி இரவல் ஆப்: விதிகளை எங்கே வைத்தேன்

எங்கள் வானியல் குழுவில் தொலைநோக்கி, ஐபீஸ் (கண்ணருகே வரும் லென்ஸ்), மவுண்ட் (தாங்கி) எல்லாமே பொதுவில் இருப்பவை. யார் எதை எடுத்துப் போனார்கள் என்ற கணக்கை ஸ்ப்ரெட்ஷீட்டிலிருந்து ஜாங்கோ (பைத்தானில் இணைய ஆப் எழுத உதவும் கட்டமைப்பு), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்) பக்கம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். டேபிள், ஃபார்ம், அட்மின் பக்கம் எல்லாம் சீக்கிரமே ஓடிவிட்டன. ஜாங்கோவில் அதெல்லாம் சும்மாவே கிடைப்பவை, எழுத ஒன்றுமில்லை. வேலை வாங்கியது விதிகள்தான்.

ஒரு கருவி ஒரே நாளில் இரண்டு பேர் பெயரில் பதிவாகக் கூடாது. ஒருவர் கையில் இரண்டு கருவிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. தாமதமாகத் திருப்பினால் தண்டம். சொல்ல ஒரு நிமிடம் ஆகாத இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் போய் உட்கார்ந்தன.

ஃபார்மில் மட்டும் சரிபார்ப்பு வைத்தால் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அட்மின் வழியாகவும் ஷெல் (கட்டளைத் திரை) வழியாகவும் தரவு உள்ளே வரும். அதனால் பலரும் மாடலின் (டேபிளைக் குறிக்கும் பைத்தான் கிளாஸின்) சேவ் மெத்தடை ஓவர்ரைடு செய்து அங்கே விதியை எழுதுவார்கள். அதையும் செய்து பார்த்தேன். ஒரு பதிவைச் சேமித்தால் விதி ஓடுகிறது. அதே பதிவுகளைப் பல்க் கிரியேட்டில் மொத்தமாகப் போட்டால் சேவ் மெத்தட் அழைக்கப்படுவதே இல்லை, சேமிப்புக்கு முன்னும் பின்னும் ஜாங்கோ அனுப்பும் ப்ரீ சேவ், போஸ்ட் சேவ் சிக்னல்களும் வராது. பல வரிகளை ஒரே அடியில் மாற்றும் குவெரிசெட்டின் அப்டேட்டும் அப்படித்தான். இதெல்லாம் ஜாங்கோ ஆவணத்திலேயே இருக்கிறது. ஆனாலும் முரண்பட்ட வரிகள் சத்தமில்லாமல் உள்ளே போவதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. பழைய ஸ்ப்ரெட்ஷீட்டை ஏற்றப்போவதே பல்க் கிரியேட்டில் என்பதால் இந்த வழியைக் கைவிட்டேன்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. இரண்டு டெர்மினல் ஜன்னல்களில் டேட்டாபேஸைத் திறந்து, இரண்டிலும் முழுதாக நிற்கும் அல்லது முழுதாக ரத்தாகும் ஒரு டிரான்சாக்‌ஷனைத் தொடங்கினேன். முதல் ஜன்னலில் ‘இந்தக் கருவிக்கு 10 முதல் 12 வரை பதிவு உண்டா?’ என்று கேட்டால் இல்லை என்கிறது. இரண்டாவதிலும் இல்லை. இரண்டிலும் இன்செர்ட் (வரி சேர்த்தல்), இரண்டிலும் கமிட் (மாற்றத்தை உறுதியாக்குதல்). இரண்டு பேர், ஒரே தொலைநோக்கி, ஒரே தேதி, பிழைச் செய்தி எதுவும் இல்லை. போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான ரீட் கமிட்டெட் நிலையில், இன்னொருவர் இன்னும் கமிட் செய்யாத வரி நம் கண்ணுக்குத் தெரியாது. ‘முதலில் பார், பிறகு எழுது’ என்று எந்த மொழியில் எழுதினாலும் இந்த ஓட்டை இருக்கும். டேட்டாபேஸ் தானே ஓட்டும் டிரிக்கருக்குள் எழுதினாலும் இருக்கும். பதிவு வரிகளை செலக்ட் ஃபார் அப்டேட்டால் லாக் செய்தால் தீராதா என்றால், தீராது. இல்லாத வரியை எப்படி லாக் செய்வது?

இதற்கென்றே போஸ்ட்கிரெஸ்ஸில் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (முட்டும் வரிகளை டேட்டாபேஸே தடுக்கும் விதி) இருக்கிறது. 2010-ல் வந்த 9.0 பதிப்பிலிருந்தே உண்டு. கருவி எண் சமமாகவும் தேதி ரேஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தும் இருந்தால் ஏற்காதே என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். முழு எண்ணையும் ரேஞ்சையும் ஒரே ஜிஸ்ட் இண்டெக்ஸில் (இந்த விதி பயன்படுத்தும் தேடல் அட்டவணையில்) சேர்க்க, பிட்ரீ ஜிஸ்ட் என்ற எக்ஸ்டென்ஷன் வேண்டும். ரத்தான பதிவுகள் குறுக்கே நிற்காமலிருக்க ஒரு வேர் (WHERE) நிபந்தனையும் சேர்த்தேன். பிறகு அதே இரண்டு ஜன்னல்கள். இம்முறை இரண்டாவது இன்செர்ட் பதிலே சொல்லாமல் நின்றது. முதல் ஜன்னலில் கமிட் அடித்த நொடியில் 23பி01 என்ற பிழையோடு விழுந்தது. முதல் ஜன்னலில் ரோல்பேக் (ரத்து) அடித்துப் பார்த்தால் இரண்டாவது நிம்மதியாக உள்ளே போகிறது. இதை நான் பைத்தானில் எழுதியிருந்தால் எத்தனை வரி, எத்தனை ஓட்டை!

டேட் ரேஞ்சில் தொடக்க நாள் உள்ளே, முடிவு நாள் வெளியே. ஒருவர் 12-ஆம் தேதி திருப்பித் தர, அதே நாளில் அடுத்தவர் வாங்கிப் போகலாம், முட்டாது. 10 முதல் 12 வரை இரு பக்கமும் உள்ளடக்கி எழுதினாலும் போஸ்ட்கிரெஸ் அதை 10 முதல் 13 வரை என்று மாற்றித்தான் வைத்துக்கொள்ளும். திரையில் காட்டும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய தரவை ஏற்றிய பிறகு கன்ஸ்ட்ரெயின்டைச் சேர்க்கப் போனால் மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் ஜாங்கோ படி) மறுத்துவிட்டது. ஒவ்வொரு வரியையும் தனியாகச் சோதிக்கும் செக் கன்ஸ்ட்ரெயின்டில் நாட் வேலிட் போட்டுப் பழையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இதில் அந்தச் சலுகை இல்லை. முட்டிய வரிகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதை: சொன்ன தேதிக்கு முன்பே கருவியைத் திருப்பித் தந்திருக்கிறார்கள், ஸ்ப்ரெட்ஷீட்டில் யாரும் தேதியைத் திருத்தவில்லை. அதனால் இப்போது ‘திரும்பி வந்தது’ பொத்தானை அழுத்தினாலே ரேஞ்சின் முடிவு சுருங்கிவிடும்.

ஜாங்கோ 4.1 முதல் மாடலின் முழுச் சரிபார்ப்பான ஃபுல் கிளீன் ஓடும்போது மாடலிலுள்ள கன்ஸ்ட்ரெயின்டுகளையும் அதுவே சரிபார்க்கிறது. ஆக ஃபார்மில் வழக்கமான முரண்பாடு நல்ல தமிழ்ச் செய்தியாகவே தெரிகிறது. ஒரே நொடியில் இருவர் மோதும் அபூர்வ நேரத்துக்கு மட்டும் டேட்டாபேஸ் மறுக்கும்போது வரும் இன்டெக்ரிட்டி எர்ரரைப் பிடிக்க வேண்டும். அந்த இன்செர்ட்டைத் தோற்றால் தான் மட்டும் ரத்தாகும் தனி அட்டாமிக் பிளாக்கில் வையுங்கள். இல்லையென்றால் வெளி டிரான்சாக்‌ஷனே முறிந்து, அடுத்து எந்த குவெரியும் ஓடாது.

இரண்டு கருவி வரம்பு வேறு ரகம். எண்ணிப் பார்க்க வேண்டிய விதி, செக் கன்ஸ்ட்ரெயின்டுக்குப் பக்கத்து வரி தெரியாது. அதோடு விதிவிலக்கும் உண்டு: கிரகண வாரத்தில் சிலருக்கு மூன்று தருவோம். எனவே இதைப் பைத்தானில் ஒரே ஒரு ஃபங்ஷனில் வைத்தேன். அது முதலில் உறுப்பினரின் வரியை செலக்ட் ஃபார் அப்டேட்டால் பூட்டும், பிறகு எண்ணும், பிறகு எழுதும். உறுப்பினர் வரி எப்போதும் இருக்கும் என்பதால் இங்கே லாக் வேலை செய்கிறது. வரம்பு எத்தனை என்பது கோடில் (code) இல்லை, உறுப்பினர் டேபிளில் ஒரு காலம் (column). அட்மினில் நேரடியாகச் சேர்த்தால் இந்த விதியைத் தாண்டலாம். தாண்டட்டும், பொறுப்பாளருக்கு அந்த உரிமை இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

தண்டம் பற்றி அதிகமில்லை. கருவி திரும்பும் நாளில் கணக்கிட்டு, தொகையை அந்தப் பதிவிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பார்க்கும்போதெல்லாம் கணக்கிட்டால், விகிதம் மாறிய மறுநாள் பழைய பாக்கியெல்லாம் மாறிவிடும், சண்டை வரும்.

உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் ஆன் கமிட்டில் (கமிட் ஆன பிறகே ஓடும் கால்பேக்கில்) போகிறது, ரோல்பேக் ஆன பதிவுக்கு ‘வாழ்த்துகள்’ போய்ச் சேராது. ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு டெஸ்ட்டையும் டிரான்சாக்‌ஷனுக்குள்ளேயே ஓட்டிக் கடைசியில் ரோல்பேக் செய்வதால் அங்கே அந்த கால்பேக் ஓடாது. ஜாங்கோ 3.2-ல் வந்த கேப்ச்சர் ஆன் கமிட் கால்பேக்ஸ் அதற்குத்தான்.

மீதி இருப்பது காத்திருப்புப் பட்டியல். கருவி முன்கூட்டியே திரும்பினால் அடுத்தவருக்குத் தானாகக் கொடுப்பதா, கேட்டுவிட்டுக் கொடுப்பதா என்று குழுவில் இன்னும் முடிவாகவில்லை. முடிவாகும்வரை அது டேபிளாக மட்டும் இருக்கும்.