லாப்ஸ்டு யூசர்னு ஒரு லிஸ்ட்

சென்னைல ஒரு விளம்பர ஏஜென்சில நாலு வருஷம் இருந்தேன், பெர்ஃபார்மன்ஸ் மார்க்கெட்டிங் டீம்ல. விளம்பரப் படம் எடுக்கறதோ டிசைன் பண்றதோ எங்க வேலை இல்ல, எந்த விளம்பரம் யாரோட போனுக்கு எந்த நேரத்துல போகணும்னு முடிவு பண்றதுதான் வேலை. ஆடியன்ஸ் கட்டறதுன்னு சொல்வோம். நகைக்கடை, ஆன்லைன் கோச்சிங், மளிகை டெலிவரின்னு நிறைய கிளையன்ட் இருந்தாங்க, அதுல ஒண்ணு காசு கட்டி விளையாடற ரம்மி ஆப். நான் எழுத வந்தது அந்த ரம்மி ஆப்பப் பத்தித்தான்.

இந்த மாதிரி ஆப்ல ஒருத்தர் தட்டற ஒவ்வொரு தட்டும் ஒரு ஈவென்ட்டா பதிவாகும். இன்ஸ்டால் பண்ணாரு, ரெஜிஸ்டர் பண்ணாரு, முதல் டெபாசிட் போட்டாரு, எவ்ளோ போட்டாரு, கடைசியா எப்ப திறந்தாரு, எல்லாமே. கூடவே அந்த போனோட விளம்பர ஐடியும் வரும், ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்கும் இருக்கற நீளமான நம்பர் அது. முதல் டெபாசிட்ட எஃப்டிடின்னு சுருக்கமா சொல்வோம், எங்க மாச டார்கெட்டே அதுதான். நிறைய காசு போட்டவங்க லிஸ்ட்ட ஃபேஸ்புக்ல ஏத்துனா, அவங்கள மாதிரியே நடந்துக்கற ஆட்கள நாட்டு ஜனத்தொகைல ஒரு சதவீதம் பாத்துத் தேடிக் குடுக்கும், அதுக்கு லுக்அலைக்னு பேர். அதாவது ஒருத்தர் அதிகமா தோத்தா, அவர மாதிரி இன்னும் லட்சக்கணக்கான பேர அவரோட தோல்விய வெச்சுத்தான் கண்டுபிடிக்கறோம். அப்ப நான் இப்படி யோசிக்கல, ரிப்போர்ட்ல நம்பர் ஏறுதான்னு மட்டும்தான் பாத்தேன்.

2020 நவம்பர்ல தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டு ஆன்லைன் ரம்மிய தடை பண்ணுச்சு, அடுத்த பிப்ரவரில அது சட்டமாவே ஆச்சு. நாங்க கேம்பெய்ன் செட்டிங்ல தமிழ்நாட்ட எக்ஸ்க்ளூட் பண்ணிட்டு மத்த மாநிலத்துக்கு ஓட்டிட்டு இருந்தோம். 2021 ஆகஸ்ட் 3ஆம் தேதி சென்னை ஹைகோர்ட் அந்தச் சட்டத்த ரத்து பண்ணுச்சு. அன்னைக்கு சாயங்காலமே கிளையன்ட்கிட்ட இருந்து கால், தமிழ்நாட்ட திறந்துடுங்க, பழைய ப்ளேயர்ஸ திரும்ப கொண்டு வாங்கன்னு.

பழைய ப்ளேயர்ஸ எங்க போய் தேடறது? ஆப் வழியா ஃபேஸ்புக் சேத்து வெச்சிருக்கற ஆடியன்ஸ் 180 நாள்ல தானா காலியாயிடும், தடை வந்து எட்டு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆனா கிளையன்ட் தன்கிட்ட இருக்கற போன் நம்பர் லிஸ்ட்ட நேரா ஏத்துனா அதுக்கு அந்த 180 நாள் காலக்கெடு கிடையாது. ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த லிஸ்ட் சிஎஸ்வி ஃபைலா வந்துச்சு, எக்செல்ல திறக்கற மாதிரி ஒரு டேபிள். ஃபைல் பேர்லயே லாப்ஸ்டு யூசர்ஸ் தமிழ்நாடுன்னு இருந்துச்சு, லாப்ஸ்டுன்னா விளையாடறத விட்டுட்டுப் போனவங்க.

அந்த ஷீட்ட நான்தான் பிரிச்சேன். மொத்த டெபாசிட்ட வெச்சு பெருசுல இருந்து சின்னதா சார்ட் பண்ணி, மேல இருக்கறவங்கள ஹை வேல்யூன்னு தனி லிஸ்ட் போட்டேன், மாசம் ஒண்ணாந்தேதில இருந்து ஏழாந்தேதி வரைக்கும் பிட், அதாவது விளம்பரத்த அவங்ககிட்ட காட்ட நாங்க கேக்கற ஏலத் தொகைய, ஏத்தி வெச்சேன், சம்பளம் வர்ற வாரம்ல. அதுல ஒரு வரி இன்னும் கண்ணுலயே நிக்குது. ஒரே ராத்திரில ஏழு டெபாசிட். 12:50க்கு 2000, அப்புறம் ஒரு 2000, 1000, 500, 500, 200, கடைசியா 3:05க்கு 100. நடுராத்திரில ஒரு மனுஷன் அக்கவுண்ட்ல மிச்சம் மீதி இருக்கறத எல்லாம் வழிச்சுப் போட்டிருக்காருன்னு அந்த ஏழு நம்பரே சொல்லுது. என் ஷீட்ல அவரு ஹை வேல்யூ.

ரெண்டு வாரம் கழிச்சு கிளையன்ட்டோட சப்போர்ட் டீம் ஒரு மெயில ஃபார்வர்ட் பண்ணாங்க. ஒரு பொண்ணு எழுதி இருந்தாங்க. "சார், என் வீட்டுக்காரர் இத விட்டு எட்டு மாசம் ஆச்சு. கடன் அடைச்சுட்டு இருக்கோம். இப்ப மறுபடியும் போன்ல உங்க விளம்பரமா வந்துட்டே இருக்கு, போனஸ் தர்றோம்னு சொல்லுது. தயவு செஞ்சு இந்த நம்பருக்கு அனுப்பாதீங்க." கீழ நம்பர் குடுத்து இருந்தாங்க. நான் ஷீட்ல தேடிப் பாத்தேன். அந்த ஏழு டெபாசிட்காரர்தான்.

நாங்க ஏத்தற லிஸ்ட்ல நம்பர் நம்பராவே இருக்காது, ஷா-256னு ஒரு முறைல மாத்தி 64 எழுத்துச் சரமாத்தான் போகும். அதனால இது பர்சனல் டேட்டாவே இல்ல, யார் பேரும் இல்லன்னு மீட்டிங்ல சொல்லுவோம், நானும் நம்பிதான் சொன்னேன். ஆனா ஒரு நம்பருக்கு எப்பவுமே அதே சரம்தான் வரும், ஃபேஸ்புக்கும் தன்கிட்ட இருக்கற நம்பர அதே மாதிரி மாத்திப் பாக்கும், ரெண்டு சரமும் ஒண்ணா இருந்தா ஆள் மாட்டிக்கிட்டாரு, மேட்ச் ஆகறதுக்குத்தானே அத ஏத்தறதே. அதுவும் இல்லாம நம்ம ஊர் மொபைல் நம்பர் ஆறுல இருந்து ஒன்பதுக்குள்ள ஆரம்பிக்கற பத்து இலக்கம், மொத்தமே 400 கோடி சாத்தியம்தான், ஒரு சாதாரண கம்ப்யூட்டர்ல ஒரே நாளைக்குள்ள அத்தனையையும் மாத்தி எது யாருதுன்னு திருப்பி எடுத்துடலாம். சரி, பேர் தெரியலன்னே வெச்சுக்குவோம். ராத்திரி மூணு மணிக்கு கடைசி நூறு ரூபாயும் போடற ஆளுன்னு எங்களுக்குத் தெரியுமே. அவரு பேர் தெரியறத விட இது பெரிய விஷயம். சொந்தக்காரங்களுக்குக் கூடத் தெரியாம அவரு மறைச்சு வெச்சிருந்த பலவீனம் எங்க ஷீட்ல ஒரு வரியா இருந்துச்சு, அத வெச்சு நாங்க பிட் ஏத்தினோம்.

அந்த நம்பர எடுத்துட்டு லிஸ்ட்ட மறுபடி ஏத்துனேன். அவரு தோத்தத வெச்சு கட்டுன லுக்அலைக்ல இருந்து அவர எப்படி எடுக்கறதுன்னு யாருக்கும் பதில் இல்ல. விட்டுட்டுப் போறவங்கள எந்த லிஸ்ட்லயும் வராம தடுக்கற சப்ரஷன் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கணும், அந்த கிளையன்ட்டோட விளம்பர அக்கவுண்ட்ல அப்படி ஒண்ணு கட்டவே இல்ல. யாரும் கேக்கல, நானும் கேக்கல. மேனேஜர்கிட்ட போய் சொன்னேன். நல்ல மனுஷன்தான், ஒருத்தர எடுத்தாச்சுல்ல விடுப்பான்னாரு.

மூணாவது வாரம் அந்தப் பொண்ணுகிட்ட இருந்து இன்னொரு மெயில், இன்னும் வருதுன்னு. விசாரிச்சா அதே சிஎஸ்வி வேற ரெண்டு வெண்டர்கிட்டயும் போயிருக்கு, எங்க கைல இல்ல.

2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்ல ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு சொன்னாங்க. எங்க ஆஃபீஸ்ல அதப் பத்தி ஒருநாள் கூடப் பேச்சு வந்ததில்ல. 2021 ஏப்ரல்ல ஐபோன்ல டிராக் பண்ணலாமான்னு கேட்டுட்டுத்தான் டிராக் பண்ணணும்னு ஆப்பிள் கொண்டு வந்தப்ப மட்டும் பெரிய மீட்டிங் நடந்துச்சு, நம்ம கிளையன்ட்டுக்கு பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான், பயப்பட வேணாம்னு முடிச்சாங்க. 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டத்துல எனக்குப் புடிச்ச இடம் ஆறாவது பிரிவு. சம்மதம் குடுக்கறது எவ்ளோ சுலபமோ, அத திரும்ப வாங்கறதும் அவ்ளோ சுலபமா இருக்கணும்னு அதுல இருக்கு. அந்த ஆப்ல காசு போட ரெண்டு தட்டு போதுமா இருந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு வெச்சு விளையாடற ஆன்லைன் கேம தடை பண்ணி சட்டம் போட்டப்ப அதோட விளம்பரத்தையும் சேத்துத் தடை பண்ணாங்க, மனசார சந்தோஷப்பட்டேன். ஆனா ஏற்கனவே நாலு பேர் கைமாறுன சிஎஸ்வி எந்தெந்த லேப்டாப்ல கெடக்கோ.

இப்ப வேற கம்பெனில இருக்கேன். ஒரு கிளையன்ட் லிஸ்ட் அனுப்புனா நான் கேக்கற முதல் கேள்வி, இதுல இருந்து வெளிய போகணும்னா ஒருத்தர் யாருக்கு எழுதணும், எழுதுனா எத்தன நாள்ல எல்லா இடத்துல இருந்தும் போகும்னுதான். பதில் இல்லன்னா நான் ஏத்தறது இல்ல, இதனால ரெண்டு அக்கவுண்ட் கை மாறிப் போச்சு, போகட்டும்.

அந்த ரெண்டாவது மெயிலுக்கு என்ன பதில் போச்சுன்னு எனக்குத் தெரியாது. சப்போர்ட் டீம்ல தெரிஞ்ச ஆள் இருந்தாரு, ஒரு போன் பண்ணி இருந்தா தெரிஞ்சிருக்கும். நான் பண்ணல.