கொல்லைப் படி
அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஆறு வாரம். பாபநாசத்து வீட்டில் கொல்லைக்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும். முதல் வாரம் அதைப் பார்த்தாலே அழுதாள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கே வந்தார். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில்; அவ்வளவுதான் பாடம். நான் தாங்கப் போனால், "விடுங்க சார், அவங்களே வைக்கட்டும்" என்று அதட்டல். (பயம் எனக்குத்தான்.) வழுக்குகிற கோரைப்பாயைச் சுருட்டி வைக்கச் சொன்னார், கழிப்பறையில் கைப்பிடி அடிக்கச் சொன்னார். சரி, செய்தாயிற்று. இன்று காலை அடுப்படியில் டபரா சத்தம். எட்டிப் பார்த்தால், வாக்கரைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, மேடையைப் பிடித்தபடி அம்மா டிகாஷன் போட்டுக்கொண்டிருக்கிறாள். "சர்க்கரையை எங்கடா வச்சே?"