லிப்பிட் கடத்துப் புரதங்கள்: தட்டில் விழும் வளையத்தை எவ்வளவு நம்பலாம்?

விதையிலிருந்து ஒரு லிப்பிட் (கொழுப்பு) கடத்துப் புரதத்தைப் பிரித்து, பூஞ்சை வளரும் பெட்ரித் தட்டில் விடுவார்கள். சுற்றிலும் பூஞ்சை வளராத தெளிந்த வளையம் விழுந்ததும், செடியின் நோய் எதிர்ப்புக்கு இதுவே காரணம் என்று எழுதிவிடுவார்கள். வளையம் பொய்யில்லை. ஆனால் செடிக்குள்ளும் அதே காரியம் நடக்கிறது என்பதற்கு அது சாட்சியாகாது.

இவற்றில் ஒரு வகையின் மூலக்கூறு எடை சுமார் 9 கிலோடால்டன், இன்னொன்றுக்கு 7. இரண்டிலும் சிஸ்டீன் என்ற கந்தக அமினோ அமிலங்கள் எட்டு, இரண்டிரண்டாக நான்கு டைசல்ஃபைடு (கந்தக) பிணைப்புகளாகப் பூட்டிக்கொள்கின்றன. நடுவே கொழுப்பு நுழைய ஒரு பொந்து. செல்லுக்குள் சவ்வுக்குச் சவ்வு கொழுப்பைக் கொண்டுபோகின்றன என்றுதான் 1970களில் நினைத்தார்கள். பெரும்பாலானவை செல்லுக்கு வெளியே சுரக்கப்படுகின்றன என்று தெரிந்ததும் அந்த விளக்கம் நிற்கவில்லை.

தட்டுச் சோதனையில் கவனிக்க வேண்டியது உப்பு. புரதத்துக்கு நேர் மின்னூட்டம். பூஞ்சைச் சவ்வின் எதிர் மின்னூட்டத்தில் போய் ஒட்டுகிறது. ஊடகத்தில் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடும் 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடும் சேர்த்தால் பல புரதங்களின் வேகம் அடங்கிவிடும். செல்களுக்கு இடைப்பட்ட வெளியிலும் கால்சியம் உண்டு. ஆகவே உப்போடும் உப்பில்லாமலும் இரண்டு தட்டு போடாத முடிவை நான் பொருட்படுத்துவதில்லை. வெங்காய விதையில் உள்ள இதே குடும்பப் புரதம் ஏஸ்-ஏஎம்பி1 இன்னொரு பாடம்: மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கும் குறைவிலேயே பூஞ்சைகளை நிறுத்துகிறது, ஆனால் அதன் பொந்து அடைபட்டிருப்பதால் கொழுப்பைக் கடத்துவதில்லை. கொல்வதும் கடத்துவதும் வேறு வேறு.

2002இல் அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியில் வந்த டிஐஆர்1 என்ற லிப்பிட் கடத்துப் புரதத்தின் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கான மரபணு கெட்ட செடியில், கிருமி நுழைந்த இலை வழக்கம்போல் எதிர்த்து நிற்கிறது. மற்ற இலைகளுக்கு எச்சரிக்கை போவதில்லை. இங்கே புரதத்தின் வேலை தூது.

இதைச் சோதிக்க, நான்கு வாரச் செடியின் கீழ் இலைகள் இரண்டு மூன்றில், அடிப்புறமாக, ஊசியில்லாத சிரிஞ்சால் ஏவிஆர்-ஆர்பிடி2 (செடி அடையாளம் கண்டு எதிர்க்கும் கிருமி மரபணு) தாங்கிய சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியாவைச் செலுத்துங்கள். ஒப்பீட்டுச் செடிக்கு 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு மட்டும். இரண்டு நாள் கழித்து இரண்டு செடிகளின் மேல் இலைகளிலும் அந்த மரபணு இல்லாத வீரியமுள்ள கிருமி, மில்லிலிட்டருக்கு லட்சம் செல்கள் என்ற அளவில். அதிலிருந்து மூன்றாம் நாள் இலை வட்டுகளை வெட்டி, அரைத்து, நீர்க்க வைத்து, கிருமிகளை எண்ணுங்கள். செடி முதிர்ந்துவிட்டால் வயதே எதிர்ப்பைத் தந்து ஒப்பீட்டுச் செடியிலும் எண்ணிக்கை சரியும், வித்தியாசம் தெரியாது. டிஐஆர்1 இல்லாத செடியிலும் சில சமயம் அரைகுறை எதிர்ப்பு தலைகாட்டும், அதே சாயலில் ஒரு மரபணு பக்கத்திலேயே இருப்பதால். தூது சாற்றில் போகிறதா என்று பார்க்க இலைக்காம்புச் சாறு எடுக்கும்போது, வெட்டுவாய் அடைபடாமலிருக்க ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) சேர்க்கிறோம். அதுவே இலையைக் காயப்படுத்தும் என்பதால் கிருமி படாத செடியின் சாறும் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

சுத்திகரித்து அளக்கும்போது புரதம் 'காணாமல்' போவது தனிச் சங்கடம். சிறு மூலக்கூறுகளைக் கழுவி நீக்கும் டயாலிசிஸ் பை 12 கிலோடால்டன் துளையுள்ளதாக இருந்தால் கழுவிய தண்ணீரோடு போய்விடும், 3.5 வாங்குங்கள். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் சாதாரண ஜெல்லில் சாயத்தோடு ஓடிவிடும், சிறு புரதங்களுக்கான டிரைசின் ஜெல் வேண்டும். பலவற்றில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் இல்லாததால் 280 நானோமீட்டர் புற ஊதா ஒளி உறிஞ்சல் அளவீடு குறைவாகவே காட்டும். நிறமாற்றத்தால் அளக்கும் பிசிஏ முறை பரவாயில்லை. ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தால் பிணைப்புகள் தாறுமாறாக விழுந்து கட்டியாகிவிடுவது சகஜம். பிச்சியா ஈஸ்ட் செல்லுக்கு வெளியே சுரந்து தருவதால் தொல்லை குறைவு.

பயிருக்குள் புகுத்தும் எண்ணமிருந்தால், ஒவ்வாமைப் புரதங்களோடு வரிசை ஒப்பிடுவதை முதலிலேயே செய்யுங்கள். பீச் பழத்தின் ஒவ்வாமைப் புரதம் பிஆர்யு பி 3 இதே குடும்பம். கொதிக்க வைத்தாலும், வயிற்றின் பெப்சினாலும் எளிதில் சிதையாது. அதற்கும் காரணம் அந்த நான்கு பிணைப்புகள்தான்.